நான்கடிக்கு இரண்டடி: தேக்குப் பலகைகளை ஒட்டி வளையாத மேஜை மேற்பலகை செய்யும் முறை

இரண்டடி அகலத்துக்கு ஒரே துண்டாகத் தேக்குப் பலகை கிடைத்தாலும் வாங்க யோசியுங்கள். அவ்வளவு அகலமானது பெரும்பாலும் அடிமரத்தின் நடுக்கட்டையை ஒட்டி அறுத்ததாக இருக்கும். ஓரிரு வருடங்களில் நடுவில் வெடிக்கும், அல்லது கூரை ஓடு மாதிரி வளையும். நாலு அங்குலப் பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டிய மேற்பலகை அதைவிட நம்பகமானது. விலையும் குறைவு. ஒட்டு விட்டுப்போகும் என்ற பயம் வேண்டாம். நார் ஓடும் திசையில், விளிம்புகள் சரியாகப் பொருந்தி ஒட்டிய இரண்டு துண்டுகளைச் சுத்தியலால் அடித்து உடைத்துப் பாருங்கள். பசைக் கோட்டில் பிரியாது, பக்கத்து மரம்தான் கிழியும்.

இங்கே கணக்குக்கு எடுத்துக்கொள்வது படிப்பு மேஜைக்கான மேற்பலகை: நீளம் 4 அடி, அகலம் 2 அடி, முடிந்த தடிமன் முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது 20 மி.மீ. இதற்கு ஒரு அங்குலத் தடிமன், நாலரை அங்குல அகலம், 51 அங்குல நீளத்தில் ஆறு பலகைகள் வேண்டும். கூட்டினால் சுமார் 0.8 கன அடி. கணு, வெடிப்பு, கழிவு எல்லாம் போக ஒரு கன அடியாக வாங்கினால் சரியாக இருக்கும். நீளத்தில் மூன்று அங்குலம் கூடுதலாக வைப்பது வீண் இல்லை. இழைக்கும்போது பிளானர் (இழைக்கும் மெஷின்) பலகையின் தலைப்பை, அதாவது முனையை, சற்றுக் குழிக்கும், பலகை முனையில் கண்ணுக்குத் தெரியாத மயிர்வெடிப்பும் இருக்கும். இரண்டும் கடைசியில் அறுபட்டுப் போய்விடும்.

மரவாடியில் பலகை பொறுக்கும்போது வைரம் பாய்ந்ததாகப் பாருங்கள். ஓரத்தில் வெளிறித் தெரியும் வெள்ளையை விட்டுவைத்தால் பாலிஷில் பட்டை பட்டையாகத் தெரியும். அதைவிட முக்கியம், வண்டு முதலில் துளைப்பது அதைத்தான். முறுக்கு உள்ள பலகையைத் தொடவே வேண்டாம். நீளவாக்கில் லேசாக வில் போட்டிருப்பதை இழைத்துச் சரிசெய்யலாம். முறுக்கை எடுக்கப் போனால் ஒரு அங்குலம் அரை அங்குலமாகிவிடும்.

ஈரம்

பலகை வளைவதற்கும் ஒட்டு திறப்பதற்கும் பெரும்பாலும் பசையைத்தான் குறை சொல்வார்கள். அநேகமாக அது மரத்தின் ஈரம். மரம் நீளவாக்கில் அசைவது மிகச் சொற்பம், அகலவாக்கில்தான் ஊதும், சுருங்கும். பச்சை மரத்திலிருந்து எலும்பாய் உலரும்வரை தேக்கு, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 5.8 சதவீதமும், வளையத்துக்குக் குறுக்கே, அதாவது நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில், சுமார் 2.5 சதவீதமும் சுருங்கும். மற்ற பல மரங்களோடு ஒப்பிட்டால் இது குறைவு. தேக்குக்கு இருக்கும் மதிப்பில் பாதி இதற்காகத்தான். இருந்தாலும் வளையத்தை ஒட்டி அறுத்த பலகைகளால் செய்த இரண்டடி மேற்பலகையில், மரத்தின் ஈரம் நாலு சதவீதம் மாறினால் அகலம் நாலரை மி.மீ. மாறும். நம் தச்சர் கணக்கில் (அங்குலத்துக்கு எட்டு நூல்) ஒன்றரை நூலுக்குக் கொஞ்சம் குறைவு.

நாலு சதவீதம் என்பது பெரிய மாற்றமும் இல்லை. சென்னையில் கார்த்திகை மழையில் திறந்த கொட்டகையில் கிடக்கும் மரத்தில் 15, 16 சதவீதம் ஈரம் இருக்கும். அதே மரம் எப்போதும் ஏ.சி. ஓடும் அறைக்குள் போனால் காலப்போக்கில் 10 சதவீதத்துக்கு இறங்கும். ஆகவே மேஜை எந்த வீட்டில் நிற்கப்போகிறதோ அந்த வீட்டுக்கு ஏற்ற ஈரத்தில் ஒட்டவேண்டும். சாதாரண வீட்டுக்கு 11 முதல் 13, ஏ.சி. அறைக்கு 9 முதல் 11. ஆறு பலகைகளுக்குள் வித்தியாசம் இரண்டு சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஒட்டிய பிறகு ஒன்று சுருங்கும், பக்கத்தில் இருப்பது சுருங்காது. விரலால் தடவும்போது படிப்படியாகத் தட்டுப்படும்.

ஈரம் காட்டும் மீட்டர் இல்லையென்றால் சமையலறைத் தராசு போதும். பலகை முனையிலிருந்து அரை அடி உள்ளே தள்ளி ஒரு துண்டு வெட்டி உடனே எடை போடுங்கள். பிறகு ஓவனில் 103 டிகிரி செல்சியஸில் வைத்து, எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்துங்கள். முதல் எடை 112 கிராம், கடைசி எடை 100 கிராம் என்றால் ஈரம் 12 சதவீதம். குறைந்த எடையை உலர்ந்த எடையால்தான் வகுக்கவேண்டும். முதல் எடையால் வகுத்தால் கணக்கு குறைத்துக் காட்டும்.

சீசனிங் செய்தது என்று மரவாடியில் சொன்னாலும் பலகைகளை வீட்டுக்குள் இரண்டு மூன்று வாரம் அடுக்கி வையுங்கள். அடுக்குக்கு நடுவே முக்கால் அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகள், ஒன்றரை அடிக்கு ஒன்று. மேல் ரீப்பர் கீழ் ரீப்பருக்கு நேர் மேலே இருக்கவேண்டும். தள்ளிப்போனால் பலகை தன் எடையாலேயே வளைந்து உலரும். சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் போடுவது பலகையைக் கெடுக்கும் வழி. மேல்முகம் மட்டும் காய்ந்து, மதியத்துக்குள் ஓடு மாதிரி குழிந்துவிடும்.

வளையம் மேலா, கீழா?

பலகையின் தலைப்பைப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் வில்லாகத் தெரியும். மரம் உலர உலர அந்த வில் நிமிரப் பார்க்கும், பலகையும் அதன்படி குழியும். ஒரு பலகைக்கு வில் மேலே, அடுத்ததற்குக் கீழே என்று மாற்றி மாற்றி வைக்கவேண்டும் என்பது பழைய பாடம். அப்படி வைத்தால் மொத்தப் பலகை வளையாது, ஆனால் மேற்பரப்பில் மெல்லிய அலை வரலாம். எல்லா வில்லையும் ஒரே பக்கம் வைத்தால் அலை இருக்காது, ஆனால் மொத்தமும் ஒரே வளைவாக வளையப் பார்க்கும்.

பெட்டி மூடி, கதவுப் பலகை போலத் தாங்கிப் பிடிக்கச் சட்டம் இல்லாதவற்றுக்கு மாற்றி வைப்பதே சரி. மேஜைக்குக் கீழே சட்டம் இழுத்துப் பிடிக்கிறது. அங்கே எந்த முகம் அழகோ அதை மேலே வையுங்கள், வளையத்தை மறந்துவிடுங்கள். மரம் ஈரம் சரியாக உலர்ந்து, பலகை நாலு அங்குலத்துக்குள் இருந்தால் இரண்டு முறைக்கும் நடுவே பெரிய வித்தியாசம் வராது.

ஆனால் ஒன்றை விடக்கூடாது. ஒவ்வொரு பலகையிலும் நார் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்த்து எல்லாவற்றையும் ஒரே திசையில் அடுக்குங்கள். இல்லையென்றால் ஒட்டி முடித்து இழைக்கும்போது ஒரு பலகை வழுவழுவென்று வரும், பக்கத்துப் பலகை பெயர்ந்து பெயர்ந்து வரும். அடுக்கு முடிவானதும் ஆறு பலகைகளின் மேலும் குறுக்காகப் பெரிய முக்கோணம் ஒன்றைச் சாக்பீஸால் வரையுங்கள். எங்கே கலைந்தாலும் முக்கோணம் கூடினால் வரிசை சரி என்று தெரியும்.

விளிம்பு இழைத்தல்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம். முதலில் எல்லாப் பலகைகளின் முகங்களையும் இழைத்து 22 மி.மீ. தடிமனுக்குக் கொண்டுவாருங்கள். அகன்ற முகம் மட்டமாக இல்லாமல் விளிம்பை மட்டம் பார்ப்பதில் அர்த்தமில்லை, மூலைமட்டம் எதன் மேல் உட்காரும்?

கையால் இழைப்பதானால் நீளமான இழைப்புளி வேண்டும். 22 அங்குலம் இருந்தால் நிம்மதி. குட்டை இழைப்புளி மேட்டிலும் ஏறும், பள்ளத்திலும் இறங்கும். அது விளிம்பை வழவழப்பாக்கும், நேராக்காது. ஒட்டவேண்டிய இரண்டு பலகைகளைப் புத்தகம் மூடுவதுபோல முகத்தோடு முகம் சேர்த்து, ஒட்டும் விளிம்புகள் மேலே வரும்படி வைஸில் இறுக்கி, இரண்டையும் ஒன்றாக இழையுங்கள். இழைப்புளி அரை டிகிரி சாய்ந்திருந்தாலும் கவலையில்லை. ஒன்றில் 89.5 டிகிரி வந்தால் மற்றதில் 90.5 வரும். விரித்து வைத்ததும் கூட்டு 180 ஆகிவிடும்.

மில்லில் ஜாயிண்டர் மெஷினில் கொடுத்தாலும் இதே தந்திரம்தான். ஒரு பலகையின் முக்கோணம் போட்ட முகம் வேலிப்பக்கம் (வேலி என்பது மெஷினில் பலகை சாய்ந்து ஓடும் தடுப்பு), அடுத்த பலகையில் அது வெளிப்பக்கம். மெஷின்காரரிடம் இதைச் சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே பக்கமாகத் தள்ளிவிடுவார். வேலி ஒரு கால் டிகிரி சாய்ந்திருந்தால்கூட ஐந்து ஒட்டுகளிலும் அது கூடிக்கூடி, மேற்பலகை தொட்டில் மாதிரி ஆகும்.

சோதிப்பதற்கு ஒரு பலகையை நிறுத்தி அதன் மேல் ஜோடியை வையுங்கள். பின்னால் விளக்கு இருக்கட்டும். வெளிச்சம் கசியக்கூடாது. பிறகு மேல் பலகையின் ஒரு முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுங்கள். நடு மையத்தில் பம்பரம்போலச் சுழன்றால் நடுவில் மேடு இருக்கிறது. அது ஆகாது. முனைகளில் உரசிக்கொண்டு கஷ்டப்பட்டு நகர்ந்தால் நல்லது. நடுவில் ஒரு காகிதத் தடிமன் பள்ளம் இருப்பது குற்றமே இல்லை, வேண்டுமென்றே வைப்பவர்களும் உண்டு. பலகையின் முனைதான் முதலில் காயும், முதலில் சுருங்கும். நடுவில் அந்தச் சிறு பள்ளம் இருந்தால் கிளாம்ப் (பலகைகளைச் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும் கருவி) இறுக்கும்போது முனைகள் அழுத்தத்தில் இருக்கும், பின்னாளில் திறக்காது. காகிதத் தடிமன் என்றால் காகிதத் தடிமன்தான். விரலுக்குத் தெரியும் அளவு பள்ளம் இருந்தால் கிளாம்ப்தான் அந்த ஒட்டைப் பிடித்திருக்கும். கிளாம்பைக் கழற்றிய சில மாதத்தில் நடுவில் விடும்.

உப்புத்தாளால் விளிம்பைத் தேய்க்காதீர்கள். ஓரங்கள் உருண்டுபோகும், ஒட்டில் கறுப்புக்கோடு தெரியும். இழைப்புளி விட்ட விளிம்பே பசைக்கு நல்லது.

கடையில் இதற்கு டவலும் (உருண்டை மர முளை) பிஸ்கட்டும் (விளிம்புப் பள்ளத்தில் செருகும் மெல்லிய மரவில்லை) போடச் சொல்வார்கள். நார் ஓடும் திசையில் ஒட்டும் ஒட்டுக்கு அவற்றால் பலம் கூடுவதில்லை. பலகைகள் வழுக்காமல் ஒரே மட்டத்தில் நிற்க உதவும், அவ்வளவே. துளை கால் மி.மீ. விலகினால் அந்த உதவியும் உபத்திரவமாகிவிடும்.

எத்தனை கிளாம்ப்

வெள்ளைப் பசைக்குத் தேக்கு போன்ற கெட்டி மரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 12 முதல் 17 கிலோ அழுத்தம் வேண்டும். நம் ஒட்டின் நீளம் 130 செ.மீ., தடிமன் 2.2 செ.மீ., பரப்பு 286 சதுர செ.மீ. குறைந்தபட்சக் கணக்கிலேயே சுமார் 3,400 கிலோ வருகிறது. பைப் கிளாம்பைக் கையால் நன்றாக இறுக்கினால் 400, 450 கிலோ கிடைக்கும். அப்படியானால் எட்டு கிளாம்ப், ஆறேழு அங்குலத்துக்கு ஒன்று. மூன்று கிளாம்பில் நாலடிப் பலகை ஒட்டுவதைப் பல பட்டறைகளில் பார்க்கலாம். விளிம்பு துல்லியமாக இருந்தால் அதுவும் நிற்கும்தான். துல்லியம் குறையக் குறைய கிளாம்ப் எண்ணிக்கை கூடவேண்டும்.

கிளாம்பின் அழுத்தம் வாயிலிருந்து 45 டிகிரியில் விரிந்து போகும். ஓரத்துப் பலகைக்கும் கிளாம்புக்கும் நடுவே இரண்டு அங்குல அகலச் சட்டத்தை வைத்தால் அழுத்தம் பரவலாகும், ஓரமும் நசுங்காது.

கிளாம்ப் இல்லாதவர்களுக்கு ஆப்பு இருக்கிறது. தடித்த பலகை அல்லது 18 மி.மீ. பிளைவுட்டின் மேல் ஒரு பக்கம் சட்டம் ஒன்றைத் திருகாணியால் முடுக்குங்கள். ஒட்டும் பலகைகளை அதோடு சேர்த்து வைத்து, மறுபக்கம் ஒன்றரை அங்குல இடைவெளி விட்டு இன்னொரு சட்டத்தை முடுக்குங்கள். அந்த இடைவெளியில் எட்டு அங்குலத்துக்கு ஒரு ஜோடி ஆப்பு, எதிரெதிராக. இரண்டு பக்கத்திலிருந்தும் சுத்தியலால் தட்டத் தட்ட இறுகும். பலகைகள் நடுவில் எம்பும், ஆகவே மேலே குறுக்குச் சட்டம் போட்டு அழுத்திப் பிடிக்கவேண்டும்.

ஒட்டுதல்

ஆறையும் ஒரே மூச்சில் ஒட்டாதீர்கள். வெள்ளைப் பசை விரித்ததிலிருந்து சேர்ப்பதற்கு ஐந்து நிமிடம்தான் கொடுக்கும். வேலூர், திருச்சி மே மாதத்தில் அதுகூடக் கிடைக்காது. விடியற்காலையில் செய்யுங்கள், மின்விசிறியை அணையுங்கள். மூன்று மூன்றாக இரண்டு பாதிகள் ஒட்டி, பிறகு பாதிகளைச் சேர்ப்பது நல்லது. இழைத்த பிறகு பலகை நாலு அங்குலம் ஒரு நூலுக்குள் நின்றால் ஒரு பாதி 12½ அங்குலத்தைத் தாண்டாது. சிறு பட்டறை பிளானரில் அது நுழையும். அதில் இருமுகமும் விட்டு 20.5 மி.மீ. தடிமனுக்குக் கொண்டுவந்துவிட்டால் கடைசியில் ஒரே ஒரு ஒட்டைத்தான் கையால் மட்டப்படுத்தவேண்டும்.

முதலில் பசையில்லாமல் ஒருமுறை கிளாம்ப் போட்டுப் பாருங்கள். லேசான இறுக்கத்திலேயே ஒட்டுகள் மூடவேண்டும். பலங்கொண்ட மட்டும் திருகினால்தான் மூடுகிறது என்றால் கழற்றிவிட்டு மறுபடி இழையுங்கள். திட்டிக்கொண்டாவது இழையுங்கள்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. இழைத்த விளிம்பு நாள்பட நாள்பட அந்த எண்ணெய் மேலே வந்து பசையைத் தள்ளும். இழைத்த அன்றே, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஒட்டுங்கள். ஒட்டுவதற்குமுன் சுத்தமான துணியில் அசிட்டோன் தொட்டு விளிம்பைத் துடையுங்கள், ஆவியாகும்வரை ஓரிரு நிமிடம் விடுங்கள். சாதாரண மேஜைக்கு ஃபெவிகால் எஸ்.எச். வகை வெள்ளைப் பசை போதும். சமையலறை, தண்ணீர் படும் இடம் என்றால் மரைன் வகை. முற்றத்தில் மழை வெயிலில் நிற்கப்போகிற பெஞ்சுக்கு இரு பாகம் கலக்கும் எபாக்சி.

இரண்டு விளிம்பிலும் மெல்லியதாக, இடைவெளி இல்லாமல் தடவுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ் இதற்கு அருமை. ஓர் ஒட்டுக்கு மொத்தம் ஆறு முதல் எட்டு கிராம் பசை செல்லும், ஒன்றரை டீஸ்பூன். சேர்த்ததும் ஒரு பலகையை இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் உரசுங்கள், பசை இரு பக்கமும் பிடிக்கும்.

கிளாம்புகள் ஒன்று கீழே, ஒன்று மேலே என்று மாறி மாறி வரட்டும். எல்லாம் ஒரு பக்கமே இருந்தால் பலகை அந்தப் பக்கத்திலிருந்து விலகி வளையும். திருகு பலகைத் தடிமனின் நடுவை அழுத்தவேண்டும். நடுவிலிருந்து முனைகளை நோக்கி, முதல் சுற்றில் பாதி இறுக்கம். ஒவ்வொரு ஒட்டையும் விரலால் தடவி, ஏறி நிற்கும் பலகையை மரச்சுத்தியால் தட்டி மட்டமாக்கி, பிறகு முழு இறுக்கம். இரும்புக் குழாய் ஈரப் பசையைத் தொடும் இடத்தில் பாலிதீன் தாள் போடுங்கள். வேங்கை, கருவேலம் போன்ற துவர்ப்புள்ள மரங்களில் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கறுப்புக் கறை விழும், இழைத்தாலும் எளிதில் போகாது. கடைசியாக நேர்கட்டையைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் மேல் கிளாம்பைக் கொஞ்சம் தளர்த்தி, கீழ் கிளாம்பை இறுக்குங்கள். நடு எம்பியிருந்தால் இதற்கு நேர்மாறாக.

ஒட்டு நெடுக முத்து முத்தாகப் பசை பிதுங்கி நின்றால் அளவு சரி. எங்காவது ஒரு ஜாண் நீளத்துக்கு ஒன்றுமே வரவில்லை என்றால் அங்கே பசை போதவில்லை. இன்னும் நேரம் இருந்தால் பிரித்துத் தடவுங்கள். பிதுங்கியதை ஈரத்துணியால் துடைக்கும் பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. கரைந்த பசை நாருக்குள் இறங்கி, பாலிஷ் அடித்தபின் வெளுத்த திட்டாகத் தெரியும். அரை மணி, முக்கால் மணி கழித்து ரப்பர் பதத்தில் இருக்கும்போது பழைய உளியால் சுரண்டினால் நாடாபோல வந்துவிடும்.

கிளாம்பை இரவு முழுக்க விட்டுவைக்கலாம், நாலு மணி நேரத்துக்குக் குறையவே கூடாது. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இன்னொரு எச்சரிக்கை: பசை 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் படலமாகாமல் சுண்ணாம்புத் தூள்போல வெளுத்துக் காயும், பிடிப்பு இருக்காது. மரத்தையும் பசையையும் அறைக்குள் சூடாக வைத்தே ஒட்டவேண்டும்.

ஒட்டிய பிறகு

கிளாம்பைக் கழற்றிய கையோடு இழைக்கத் தொடங்குவது பலரும் செய்யும் தவறு. பசையில் உள்ள தண்ணீரை ஒட்டின் இரு பக்க மரமும் குடித்து ஊதியிருக்கும். அப்போது மட்டமாக இழைத்தால், ஒரு வாரத்தில் அந்தத் தண்ணீர் போனதும் ஒட்டு நெடுக மெல்லிய வாய்க்கால் விழும். பளபளப்பான பாலிஷில் அது முதலில் கண்ணில் படும். இரண்டு மூன்று நாள் பொறுத்திருங்கள், முடிந்தால் ஒரு வாரம்.

அதுவரை பலகையைச் சுவரில் சாய்த்தோ ரீப்பர் மேலோ இரு முகத்துக்கும் காற்றுப்படும்படி வையுங்கள். தரையில் படுக்கப்போட்டால் மேல்முகம் காயும், கீழ்முகம் காயாது. மறுநாள் காலையில் வளைந்து கிடக்கும். பதறவேண்டாம், திருப்பிப் போட்டு இரு பக்கமும் காற்று விட்டால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

இழைக்கும்போது முதலில் நாருக்குக் குறுக்காக மூலைவாட்டில், பிறகு நார் ஓட்டத்தில். இரண்டு நேர் குச்சிகளை இரு முனையிலும் வைத்துக் குனிந்து பார்த்தால் முறுக்கு தெரிந்துவிடும். உப்புத்தாள் 100, 150, 220. தலைப்புகளைக் கடைசியில் 48 அங்குலத்துக்கு அறுத்துவிடுங்கள். பாலிஷ் எதுவானாலும் மேலே எத்தனை கோட்டோ கீழேயும் அத்தனை. கீழ்முகம் யார் கண்ணிலும் படாதுதான், ஆனால் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறி இறங்கும்.

சட்டத்தில் பொருத்தும்போது சுற்றிலும் பசை தடவித் திருகாணி முடுக்கினால் இவ்வளவு பாடும் வீண். மேற்பலகை அசைய வழியில்லாமல் எங்காவது பிளக்கும். அகலத்தின் நடுவில் மட்டும் இறுக்கமான திருகாணி. இரு ஓரங்களிலும் சட்டத்தில் நீள்துளை போட்டு, துளை அகலவாக்கில் ஓடும்படி, வாஷரோடு முடுக்குங்கள். எட்டு மி.மீ. நீளத் துளை இந்த அளவுக்குத் தாராளம். சித்திரை வெயிலில் பொருத்துகிறீர்கள் என்றால் திருகாணியைத் துளையின் உள்பக்க முனையருகே வையுங்கள், ஐப்பசியில் பலகை வெளியே விரிய இடம் வேண்டும். மழைக்காலத்தில் பொருத்தினால் வெளிமுனையருகே.